எல்லை தாண்டிய இரண்டு முழம்

பஞ்சாயத்து ஆபீசில் காலடி வைத்த முதல் நாள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "சார் வரல்லியா?" என்பதுதான். சார் என்றால் என் கணவர் சதாசிவன். ஓட்டுக்கு நின்றது நான், ஜெயித்தது நான், மைக் முன்னால் நின்று உறுதிமொழி எடுத்தது நான். ஆனாலும் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு அவருக்காகக் காத்திருந்தார்கள்.

"அவிய வரமாட்டாவ. பாரலல் காலேஜில பாடம் எடுக்குதாவ. மெம்பர் சத்யபாமா நானாக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்தேன். அது தொண்ணூற்றைந்தாம் வருடம். பஞ்சாயத்தில் மூன்றில் ஒரு வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கி நடந்த முதல் தேர்தல். ஒதுக்கிய இடத்தில் ஒதுங்கி உட்காருவேன் என்று நினைத்தவர்களுக்கு அன்றைக்கே கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும்.

என் வார்டு பாறசாலைக்குத் தெற்கே, கேரளம் முடிகிற மூலையில் இருக்கிறது. முடிகிற இடத்தில் ஒரு தோடு ஓடுகிறது, ஓடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கோடையில் முழங்கால் அளவு, மழையில் நெஞ்சளவு. இக்கரை கேரளம், அக்கரை தமிழ்நாடு. ஒரு காலத்தில் இரண்டு கரையும் ஒரே திருவிதாங்கூராக இருந்தன. ஐம்பத்தாறு நவம்பரில் மேலே எங்கோ யாரோ ஒரு கோடு போட்டார்கள். அது வந்து எங்கள் தோட்டின் நட்டநடுவில் விழுந்தது. எங்களுக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் சண்டை போடுவதும் இரண்டு கரைக்கும் சேர்த்துத்தான். குளிக்கிறபோது கைதவறிய சோப்புக்கட்டி மாநிலம் விட்டு மாநிலம் போய்விடும், அவ்வளவுதான்.

தோட்டைக் கடக்க இருந்தவை இரண்டு தென்னந்தடிகள். அக்கரையில் தமிழ்ப் பள்ளிக்கூடம். எங்கள் வார்டுப் பிள்ளைகள் முக்கால்வாசியும் அந்தத் தடிமேல் நடந்துதான் படிக்கப் போனார்கள். ரோட்டு வழியாகப் போவதென்றால் களியக்காவிளை சுற்றி இரண்டு பஸ் ஏற வேண்டும்.

லேகா நடக்கவில்லை. கொத்தனார் பொன்னுதாசின் மகள். சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போனவள். பொன்னுதாஸ் தினமும் காலையில் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு தடியைக் கடந்து பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவான். சாயங்காலம் வேலையை விட்டு ஓடிவந்து மறுபடி தூக்குவான். நெய்யாற்றின்கரையில் நடந்த ஒரு முகாமில் அவளுக்குக் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி ஒன்று கொடுத்தார்கள். மாலை போட்டு போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். வண்டி வந்து சேர்ந்த பிறகுதான் யோசித்தோம். தென்னந்தடிமேல் மூன்று சக்கரம் எப்படி ஓடும்? வண்டி முற்றத்தில் நின்றது. லேகாவின் அம்மா விஜயம்மாவின் கோழிகள் அதில் முட்டையிட்டன. அரசாங்கம் கொடுத்த வண்டி கோழிக்கூடாவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறும்.

மெம்பரான நாளிலிருந்து நான் பாலத்துக்காக அலைந்தேன். எங்கள் பக்கத்து இன்ஜினீயர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு, சாயா வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: பாலத்தில் பாதி வேறு மாநிலத்தில் வரும், அந்த மாநிலம் சம்மதிக்க வேண்டும். அக்கரைத் தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கேயும் நல்ல மனிதர்கள். காப்பி கொடுத்துச் சொன்னார்கள்: பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள், தேவை உங்கள் தேவை, நாங்கள் எப்படிக் கட்டுவது? ஃபைல் திருவனந்தபுரம் போனது. அங்கிருந்து சென்னைக்குப் போனதாகச் சொன்னார்கள். நான் பார்க்காத ஊரையெல்லாம் அந்த ஃபைல் பார்த்திருக்கும். முடியாது என்று ஒருத்தராவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். எல்லோரும் 'நான் இல்லை' என்றுதான் சொன்னார்கள். இல்லாத ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

தொண்ணூற்றேழு கிறிஸ்துமசுக்குக் கொஞ்சம் முன்பு விஜயம்மா அழுதுகொண்டு வந்தாள்.

"மெம்பறக்கா, லேகா இந்த வருசம் கழிஞ்சா அப்பனுக்க தோளில ஏற மாட்டாளாம். ஒம்பதாம் கிளாசை எப்பிடியும் முடிப்பேன், பத்துக்குப் போவமாட்டேன்னு சொல்லிட்டா."

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். லேகா ஜன்னலோரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். படிப்பில் கெட்டிக்காரி.

"என்ன மக்கா, படிச்சு மதியாச்சா, போதுமா?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "நான் வளந்தாச்சு மாமி. அப்பாக்க தோளில இருக்கும்போ பையன்மாரு பாக்குதானுவ. பாவாடைய ஒரு கையில பிடிக்கணும், அப்பாக்க தலைய ஒரு கையில பிடிக்கணும். எனக்கு நாணமா இருக்கு."

பதினாலு வயதுப் பெண் சரியாகத்தான் சொன்னாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாலம் வராவிட்டால் இந்தப் பெண்ணின் படிப்பு ஜன்னலோரத்தோடு முடிந்துவிடும் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று ராத்திரி மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துச் சாப்பிட உட்கார்ந்தபோதும் பாலத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் பாரலல் காலேஜ் என்கிற தனியார் டுடோரியலில் பி.ஏ. பிள்ளைகளுக்கு அரசியல் பாடம் நடத்துகிறவர். அரசு என்றால் என்ன, அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று வருடம் முழுக்கப் பேசுவார். வீட்டில் அவர் பேச்சுக்கு நான் 'உம்' கொட்டுவதோடு சரி. அன்று நானே கேட்டேன்.

"உங்களுக்க புஸ்தகத்தில ஒரு பாலத்துக்கு வழி உண்டா?"

அவர் முள்ளை எடுத்தபடி சொன்னார். "பாலத்துக்கு வழி இல்ல. ஏன் பாலம் வரல்லன்னு உண்டு. வெள்ளைக்காரனும் ராஜாவும் ஆபீசு உண்டாக்கினது நமக்கு ஒண்ணு தாறதுக்கு இல்ல. வரி பிரிக்கணும், எல்லையப் பாத்துக்கணும். அதுக்குத்தான். சொதந்திரம் கிட்டின பெறவு ஆபீச அப்பிடியே எடுத்துக்கிட்டோம். அதுக்குக் கண்ணும் காதும் வச்ச எடத்திலதான் இருக்கு. நீ உன் தேவையச் சொன்னா அதுக்குக் கேக்காது. அது மனசில்லாததுனால இல்ல பாமா, அந்த எடத்தில அதுக்குக் காதே இல்ல."

"அப்போ எங்க இருக்கு காது?"

"சொன்னேனே. வரியில ஒண்ணு, எல்லையில ஒண்ணு."

நான் கையை உதறிவிட்டு எழுந்தேன். வரி எல்லோரும் ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதான் இருந்தோம். மிச்சம் இருந்தது எல்லை. அந்த மனிதருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரியவில்லை. ரசம் இருக்கிறதா என்று கேட்டார்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு நல்ல காலம். ஜனங்களே கூடித் திட்டம் போடலாம், பஞ்சாயத்தே பணம் செலவழிக்கலாம், காண்ட்ராக்டர் வேண்டாம், பயனாளிகளே கமிட்டி போட்டு வேலையை நடத்தலாம் என்று சர்க்கார் சொல்லியிருந்தது. எங்கள் வார்டுக் கூட்டத்தில் முதல் தேவையாகப் பாலத்தைத்தான் எழுதியிருந்தோம். ஆபீசில் அதை அடித்துவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே ஓவர்சியர் சுனில்குமாரைப் பிடித்தேன். நெடுமங்காட்டுக்காரன், சின்ன வயது, இன்னும் ரத்தம் சூடாக இருந்தது.

"பாதிப் பாலத்துக்கு எஸ்டிமேட் போடு. நம்ம எல்லை வரைக்கும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவன் சிரித்துவிட்டான். "சேச்சி, பாதிப் பாலம்னு ஒரு எனம் இல்ல. பாலம்னு எழுதினாலே ஃபைல் மேலே போகும்." பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான். "பட்சே குளிகடவுன்னு ஒரு எனம் உண்டு, குளிக்கதுக்குப் படித்துறை. கடவுக்கு ஒரு மேடை கெட்டலாம். மேடை தோட்டுக்குள்ள எத்தற நீளம் போகணும்னு சட்டத்தில ஒண்ணும் சொல்லியிட்டில்லா."

நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பயந்துபோய்ப் பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தான்.

குளிகடவு வேலை பிப்ரவரியில் தொடங்கியது. கமிட்டிக்குக் கன்வீனர் விஜயம்மா. கொத்தனார் வேறு யார், பொன்னுதாஸ்தான். இக்கரையிலிருந்து கான்கிரீட் மேடை கிளம்பி, கட்டாந்தரையைத் தாண்டி, தண்ணீருக்கு மேலே நீண்டு, தோட்டின் நட்டநடுவில் எல்லையை ஒட்டி ஒரு தூணில் வந்து நின்றது. இவ்வளவு பெரிய மேடையில் குளிப்பதற்கு யானைகள் வரப்போகின்றனவா என்று ஊரில் கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

சர்க்கார் வேலை முடிந்த அன்று பொன்னுதாசைத் தனியே கூப்பிட்டேன்.

"தூணுக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு முழம் நீட்டி வார்க்கணும். சிமென்ட் நான் தாறேன். கூலி கிடையாது. பஞ்சாயத்துப் பணத்தில ஒரு பைசா எல்ல தாண்டப்பிடாது."

அவன் கணக்குப் போட்டுப் பார்த்தான். முகம் மாறியது. "மெம்பறே, ரெண்டு முழம்னா அந்தப் பக்கத்து மண்ணுக்கு மேல போயிருமே. கேஸ் ஆவாதா?"

"ஆவணும் பொன்னுதாசே. ஆவாட்டா நம்மள ஆரு திரும்பிப் பாப்பா?"

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு கரண்டியை எடுத்தான். மகளை நினைத்துக்கொண்டுதான் எடுத்திருப்பான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குள் இரண்டு முழமும் வார்த்துவிட்டோம். அது காய்ந்ததும் நுனியில் ஒரு பலகை நட்டேன், எழுத்து அக்கரையைப் பார்த்து: 'கேரள எல்லை இங்கே முடிகிறது.'

அக்கரைப் பஞ்சாயத்துத் தலைவர் ரெத்தினதாஸ் ஆறடி உயரம், அதைவிட ஓரடி உயரமான மீசை. மகன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டவர்தான், பகையொன்றும் கிடையாது. ஆனால் காலையில் சாயாக்கடையிலிருந்து வெளியே வந்து பலகையைப் பார்த்ததும் அவர் போட்ட சத்தம் எங்கள் வீட்டு அடுக்களையில் கேட்டது.

"எலே, தோட்டுல பாதி தாண்டியாக்கும் நிக்குது! எங்க மண்ணுல வந்து எல்லை நாட்டுதாளா? மெம்பறே! சத்யபாமா மெம்பறே!"

நான் கைகழுவிவிட்டு மெதுவாகப் போனேன். "என்ன தலைவரே, காலம்பறயே சத்தம்?"

"இத எடுக்கணும்."

"எடுக்கதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல. உங்க மேலாபீசில சொல்லுங்க."

சொன்னார். இரண்டரை வருடம் நான் கூப்பிட்டு வராதவர்கள் அந்த வாரமே இரண்டு ஜீப்பில் வந்தார்கள். தாசில்தார், சர்வேயர், சங்கிலி பிடிக்க ஆட்கள், துணைக்கு இரண்டு போலீஸ். தமிழ்நாடு வந்து அளக்கிறது என்று கேள்விப்பட்டதும் எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு ஜீப் பறந்துவந்தது. இரண்டு சர்க்காரும் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு எங்கள் தோட்டுத் தண்ணீரில் எதிரெதிரே நின்றதை ஊரே கரையில் கூடிப் பார்த்தது. கப்பலண்டிக் கடலை விற்கிறவன்கூட வந்துவிட்டான். காதில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குள் ஒரே குதியாட்டம். முகத்தை மட்டும் கஷ்டப்பட்டு வாட்டமாக வைத்துக்கொண்டேன்.

பழைய எல்லைக் கல்லிலிருந்து அளந்தார்கள். இரண்டு சர்வேயர்களும் அளந்து முடித்தார்கள். தூண் கேரளத்தில் நிற்கிறது, நுனியில் இரண்டு முழம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

தாசில்தார் என்னைப் பார்த்தார். மதுரைப் பக்கத்துக்காரர், பேச்சு பதவிசாக இருந்தது. "அம்மா, இது ஆக்கிரமிப்பு. இடிச்சிருங்க."

"இடிக்கலாம் சார். அந்த ரெண்டு முழம் ஆருக்குள்ளதுன்னு மட்டும் ஒருக்கா சொல்லுங்க."

"தமிழ்நாட்டுக்குச் சொந்தம். இதில என்ன சந்தேகம்?"

"ஒறப்பா?"

"எழுதியே தரேன்." அங்கேயே ஜீப் மூக்கில் காகிதம் வைத்து எழுதினார். எங்கள் சர்வேயரும் பெருந்தன்மையாகக் கீழே கையெழுத்துப் போட்டார்.

நான் எங்கள் சர்வேயரிடம் திரும்பி, சாதுவாகக் கேட்டேன். "சார், நாம இடிக்கலாமா?"

அவர் பதறினார். "அது வேற ஸ்டேட்டின்றெ ஸ்தலம். நம்முக்குத் தொட்டுக்கூடா."

"அப்போ சாரு இடியுங்க" என்றேன் தாசில்தாரிடம். "ஆனா அந்தக் கான்கிரீட்டு ஒண்ணாச் சேத்து வார்த்ததாக்கும். நுனியில சம்மட்டி விழுந்தா தூணில விரிசல் விழும். தூணு கேரளாக்குள்ளது. அதுக்க மேல ஒரு கீறல் விழுந்தா நாங்க சும்மா இருக்க முடியாது."

எங்கள் சர்வேயர் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் தூண் தன்னுடையது என்று தெரிந்ததும் நெஞ்சை நிமிர்த்தினார். தாசில்தார் கழுத்தைத் துடைத்தார். நான் இதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

"சார், நான் படிப்பு அதிகம் இல்லாதவ இல்ல, பி.யூ.சி. பாஸானவ. எனக்கு வெளங்கினதச் சொல்லுதேன். எங்களுக்க மேடை எங்க எல்லையில முடிஞ்சாச்சு. அதுக்கு அப்புறம் உள்ளது உங்களுக்க பாலம், நீங்களே எழுதித் தந்தாச்சு. உங்களுக்க பாலம் இப்போ அந்தரத்தில நிக்குது. அக்கரையில ஸ்கூல் உண்டு, பிள்ளைய ஓடிவரும். நாளைக்கு ஒண்ணு தவறி விழுந்தா, தமிழ்நாட்டுப் பாலத்திலேருந்து விழுந்துதுன்னுதான் பேப்பர்ல வரும். அதுக்கு நாங்க பதில் சொல்ல மாட்டோம்."

கரையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தாசில்தார் என்னை வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒளிந்தது. புதுப் பாலம் என்றால் சென்னை வரை போக வேண்டும், ஆனால் ஏற்கெனவே இருக்கிற பாலத்தைப் பழுதுபார்க்கப் பஞ்சாயத்தே போதும் என்று அவர் யாருக்கோ சொல்வதுபோல் ரெத்தினதாசிடம் சொன்னார்.

ரெத்தினதாசுக்கு அவ்வளவு போதும். மீசை துள்ளியது. "நம்ம பாலத்த நாமளே கெட்டுவோம் சார்! கேரளாக்காரி கெட்டித்தந்து நம்ம பிள்ளைய நடக்கணுமா? மே மாசத்துக்குள்ள முடிப்பேன்!"

அந்த வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது எனக்கு. கரையில் நின்ற தமிழ்நாடு கைதட்டியது. கேரளமும் தட்டியது. தாசில்தார் ஜீப்பில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பலகையை மட்டும் ரெண்டு முழம் பின்னால வச்சுக்குங்கம்மா" என்றார்.

அன்று இரவு என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயைப் பிளந்து கேட்டார். "நான் சொன்னதையா செய்தே?" என்றார். "உங்களுக்க பாடம் சரியாக்கும்," என்றேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவர் பாடத்தை நான் பாராட்டியது அதுதான் முதல் தடவை. மனிதர் இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

ரெத்தினதாஸ் சொன்னபடி மே மாதம் முடித்தார். முடித்த பிறகு பார்த்தால் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் படி. நாங்கள் எங்கள் கரை மட்டத்துக்கு வார்த்திருந்தோம், அவர்கள் தங்கள் கரை மட்டத்துக்கு வார்த்திருந்தார்கள். தோட்டுக்கு இரண்டு கரையும் ஒரே மட்டம் இல்லை என்று இரண்டு மாநிலத்திலும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நடக்கிறவர்களுக்குப் பிரச்சினையில்லை. வண்டி இறங்காது, ஏறாது. லேகா வீட்டு முற்றத்திலிருந்து அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சுனில்குமாரைக் கேட்டேன். படி அவர்கள் பகுதியில் என்றான். அக்கரை ஓவர்சியரைக் கேட்டேன். உயரம் உங்கள் பகுதியில் என்றார். எனக்கு வந்த சிரிப்பில் கோபம்கூட மறந்துபோனது. இனி ஒருத்தரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பொன்னுதாசும் அக்கரைக் கொத்தனாரும் ஆளுக்கொரு பக்கம் குனிந்து உட்கார்ந்து, சிமென்ட் குழைத்து, ஒரு சரிவு போட்டார்கள். மழை வந்துவிட்டது. விஜயம்மா தார்ப்பாயும் வாழையிலையும் கொண்டு மூடினாள். ரெத்தினதாஸ் ஒரு மணிநேரம் குடைபிடித்து நின்றார். எந்த இஞ்ச் எந்த மாநிலம் என்று அன்று யாரும் அளக்கவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று லேகா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பாவாடையைக் காலுக்குக் கீழே நன்றாகச் செருகிக்கொண்டாள். புத்தகப் பையை மடியில் வைத்தாள். இரண்டு கையும் பிடியைச் சுற்ற, வண்டி எங்கள் பாதியில் ஏறியது. பொன்னுதாஸ் பின்னால் கையை நீட்டியபடியே ஓடினான், விழுந்துவிட்டால் பிடிக்க வேண்டுமே என்று. இரண்டு கரையிலும் ஜனம். சரிவில் வண்டி கொஞ்சம் வேகமெடுத்தது. யாரோ 'ஐயோ' என்றார்கள். அவள் அழுத்திப் பிடித்து நிதானித்து, அக்கரை மண்ணில் இறங்கினாள்.

பொன்னுதாஸ் அப்போதும் பின்னாலேயே போனான். அவள் வண்டியை நிறுத்தி, திரும்பினாள்.

"அப்பா வராண்டாம். நான் போயிட்டு வாறேன்."

அவன் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான், மறைக்காமல், எல்லோர் முன்னாலும். தேர்தலில் ஜெயித்த அன்றுகூட எனக்கு ஜெயித்ததாகத் தோன்றவில்லை. அன்றைக்குத்தான் தோன்றியது. நான் போய் அவன் பக்கத்தில் நின்றேன். லேகா பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகளின் நடுவே கலந்து, தலை தெரியாமல் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.